ஒரே பளபளப்பு, நான்கு வகைக் கார்கள்: ரீஸ்டோர் செய்த கிளாசிக்கை வாங்கும் முன்

"முழுமையாக ரீஸ்டோர் செய்யப்பட்டது, நம்பர் மேட்சிங்" என்று ஒரு பழைய கார் விற்பனைக்கு வருகிறது. ஃபேக்டரியில் பொருத்திய அதே எஞ்சின்தான் இன்னும் காரில் இருக்கிறது, நம்பர்கள் பொருந்துகின்றன என்பதுதான் நம்பர் மேட்சிங். கதவு ஒரே தட்டில் சாத்துகிறது, குரோமில் முகம் பார்க்கலாம், அடியில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. அந்த விளம்பர வரிக்குப் பின்னால் நான்கில் எந்தக் கார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒன்று, தன் சொந்த பாடியும் சொந்த எஞ்சினும் இருந்து, பழுது மட்டும் பார்க்கப்பட்டது. இரண்டு, பாடி சொந்தம், எஞ்சின் வேறு. மூன்று, புது ஷெல்லிலோ (வெறும் பாடிக்கூடு) இன்னொரு காரின் பாடியிலோ பழைய அடையாளத்தை ஏற்றியது. நான்கு, சாதாரண மாடலுக்கு அபூர்வ மாடலின் வேஷம் போட்டது. ஓட்டிப் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விற்கும்போது மட்டும் நான்குக்கும் நான்கு விலை.

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலை எவ்வளவு சுத்தமாக நடந்திருக்கிறதோ அவ்வளவு தடயம் அழிந்திருக்கும். பாடியைத் தகடு தெரியும்வரை உரித்து எடுக்கும்போது பழைய பெயிண்ட் அடுக்குகள், ஃபேக்டரியில் கையால் பூசிய சீலர், அசெம்பிளி லைனில் கிரேயானால் கிறுக்கிய குறிகள் எல்லாம் போய்விடும். பொய்க் காரிலும் இவை இருக்காது, நேர்மையாக ரீஸ்டோர் செய்த காரிலும் இருக்காது. அதனால் பெயிண்டின் பளபளப்பை ஆதாரக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வேலைக்கு முன்னும் நடுவிலும் எடுத்த படங்கள்தான் கணக்கில் வரும்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

விற்பவர் முதலில் நீட்டுவது ஃபேக்டரி சான்றிதழை. ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தருகிறது. எம்ஜி, ஆஸ்டின், டிரயம்ஃப் போன்றவற்றுக்கு பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தருகிறது. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட், போன்டியாக்குக்கு பிஎச்எஸ் (போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) ஆவணம். சேஸிஸ் நம்பர், முதல் எஞ்சின் நம்பர், நிறம், தயாரான நாள், எங்கே அனுப்பப்பட்டது போன்ற விவரங்கள் அவற்றில் இருக்கும்.

இந்தத் தாள்கள் சொல்வதெல்லாம், இப்படி ஒரு கார் ஃபேக்டரியிலிருந்து ஒருநாள் வெளியே போனது என்பதுதான். உங்கள் எதிரில் நிற்பது அந்தக் கார்தானா என்று அவை சொல்லாது. சேஸிஸ் நம்பர் தெரிந்தால் போதும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வந்த தாளைப் பார்த்து எஞ்சினில் நம்பர் அடித்துக்கொள்ளலாம். ஆகவே சான்றிதழும் காரும் நூற்றுக்கு நூறு பொருந்தினால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: முதலில் வந்தது எது, தாளா, எஞ்சின் மேல் இருக்கும் நம்பரா? சான்றிதழ் வாங்கிய தேதிக்கு முன்பே எடுத்த ஒரு படத்திலோ, பழைய சர்வீஸ் பில்லிலோ, பழைய பதிவுச் சான்றிலோ அதே எஞ்சின் நம்பர் இருந்தால் அது கனமான ஆதாரம்.

அமெரிக்க செவர்லேக்களுக்கு இந்த வசதியும் குறைவு. காருக்குக் கார் விவரம் சொல்லும் முழுப் பதிவேடு பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்காது. கார்வெட்டில் 1967 முதல் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிய ஆர்டர் தாளைத் தேடுவார்கள். டேங்கை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தாளையும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்பது வேறு கதை.

சொந்த எஞ்சின் என்று சொல்லும் கார்

விலை உச்சத்தில் இருப்பது இந்த முதல் வகை. ஏமாற்றும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் ஒரு செட் பஞ்சும் ஒரு சுத்தியலும் இருந்தால் விலை ஏறிவிடும்.

செவர்லே ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், விரல் நீளத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும். அதில் எஞ்சின் அசெம்பிள் ஆன பிளாண்ட், மாதம், நாள், வகைக் குறி பஞ்ச் செய்யப்பட்டிருக்கும். வி0308 என்று தொடங்கினால் பிளின்ட் பிளாண்ட், மார்ச் 8. பிளாக்கை வார்த்த தேதி தனியாகப் பின்பக்கம் புடைப்பெழுத்தில் இருக்கும்: பி 21 7 என்றால் பிப்ரவரி 21, 7-இல் முடியும் வருடம். கார் மார்ச் 20-இல் தயாரானது என்றால் கணக்கு சரி. வார்ப்பு, பிறகு அசெம்பிளி, பிறகு கார் என்ற வரிசை மாறவே முடியாது. பிளாக்கில் இ 3 7 என்று இருந்தால் அது மே 3-இல் வார்த்தது. மார்ச்சில் தயாரான காருக்குள் அது போயிருக்க வாய்ப்பே இல்லை, மேலே பஞ்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒரு பொறியும் உண்டு. வருடத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் 7 என்பது 1967-ஆகவும் இருக்கலாம், 1977-ஆகவும் இருக்கலாம். பிளாக்கின் வார்ப்பு எண்ணைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பத்தாண்டு என்று பிடிபடும். தேதியைத் துடைத்துக் காட்டிவிட்டு வார்ப்பு எண்ணைப் பற்றி வாயே திறக்காத விற்பனையாளர்கள் உண்டு.

அடுத்து அந்தத் தட்டையான இடத்தின் பரப்பு. ஃபேக்டரியில் புரோச் என்ற கருவி பிளாக்கின் நீளவாக்கில் ஒரே இழுப்பாக இழுத்து அதைச் சமப்படுத்தியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், தலையை வாரியதுபோல் மெல்லிய நேர்கோடுகள் முன்னிருந்து பின்னாக ஓடும். நம்பர்கள் அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். கோடுகள் வட்டமாகச் சுழன்றாலோ, ஒரேயடியாக மழுங்கியிருந்தாலோ, குறுக்கே எமரி தேய்த்த கீறல் இருந்தாலோ அந்தப் பரப்பு பிறகு வெட்டப்பட்டது. எழுத்தின் ஓரத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பிசிறு எழும்பியிருந்தால் பஞ்ச் புதுசு.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எஞ்சினை ஓவர்ஹால் செய்யும்போது ஹெட் உட்காரும் பரப்பை மெஷினில் சமப்படுத்துவது வழக்கம். கவனமில்லாத லேத் பட்டறை முன்பக்கத் தட்டையையும் சேர்த்து இழுத்துவிடும், அசல் நம்பர் அங்கேயே காணாமல் போகும். பிறகு உரிமையாளர் நல்ல எண்ணத்தோடு அதே நம்பரைத் திரும்ப அடித்திருக்கலாம். நோக்கம் எதுவானாலும் வாங்குபவருக்கு முடிவு ஒன்றுதான்: அந்த நம்பர் இனி எதையும் நிரூபிக்காது, அதற்கு மேட்சிங் விலை தரக் கூடாது. தொகை பெரிதாக இருந்தால் ஆய்வகச் சோதனைக்குப் போகலாம். பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். மேலே தேய்த்து எடுத்தாலும், அமிலம் பூசினால் நசுங்கிய பகுதி வேறு நிறத்தில் அரித்து, பழைய எண் மங்கலாக மேலே வரும்.

என் கணிப்பில், ரீஸ்டோர் படங்கள் இல்லாமல், ஓரம் கூர்மையான புது நம்பரோடு, "மேட்சிங்" என்று வரும் கார்தான் நான்கிலும் மோசமான பேரம். கார் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உச்ச விலையைக் கொடுத்துவிட்டு, நாளை நீங்கள் விற்கும்போது அதே கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பீர்கள்.

பாடி சொந்தம், எஞ்சின் வேறு

இரண்டாம் வகையைப் பற்றி விளம்பரங்கள் கூச்சத்தோடு பேசும். அப்படிக் கூச வேண்டியதில்லை. ஐம்பது அறுபது வருடம் ஓடிய கார் வழியில் ஒரு எஞ்சினைத் தின்றிருப்பது இயல்பு. பாடியில் நம்பர் இருக்கும் தகடு தொடப்படாமல், அதே மாடலுக்கு அதே காலத்தில் வந்த வகை எஞ்சின் பொருத்தி, அதை விற்பவரே எழுதிக் கொடுக்கிறார் என்றால், ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. விலை குறைவு. நிரூபிக்க வேண்டியதும் குறைவு.

எஞ்சின் "அதே வகை" என்பதைப் பெயரளவில் ஏற்க வேண்டாம். 1973 போர்ஷே கரேரா ஆர்எஸ் 2.7-இல் வந்தது 911/83 வகை, 2,687 சிசி. பிற்காலத்து 2.7 எஞ்சினையும் உள்ளே வைத்துவிட்டு "சரியான 2.7" என்று சொல்ல முடியும். கொள்ளளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கிராங்க் கேஸில் உள்ள வகை எண்ணைப் படியுங்கள். சொந்த எஞ்சின் உடைந்த நிலையில் ஒரு மூலையில் கிடக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். விரிசல் விட்ட பிளாக்கானாலும் காரோடு சேர்ந்து வந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

புது ஷெல், பழைய நம்பர்

மூன்றாம் வகையில்தான் தலை சுற்றும். எம்ஜிபி-க்கு 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் முழு பாடி ஷெல்லையே புதிதாகத் தயாரித்து விற்றது, அதுவும் பழைய அச்சுகளைப் பயன்படுத்தி. 1967 ஃபோர்டு மஸ்டாங், 1969 செவர்லே கமாரோ வடிவங்களுக்கும் புது ஷெல் கிடைக்கிறது. துருப்பிடித்த காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் புது ஷெல்லுக்கு மாற்றினால் அது பழைய காரா, புதுக் காரா? சொல்லிவிட்டு விற்றால் உறுதியான, துருவில்லாத, நிம்மதியான கார். சொல்லாமல் விற்றால் மோசடி. பல நாடுகளில் சேஸிஸ் நம்பரை வெட்டி இன்னொரு பாடியில் ஒட்டுவது குற்றமும்கூட. கண்டுபிடித்தால் போலீஸ் காரையே எடுத்துக்கொண்டு போகலாம், நீங்கள் பணம் கொடுத்து வாங்கியவர் என்பது அங்கே எடுபடாமல் போகலாம்.

ஜாகுவார் இ-டைப்பைப் பாருங்கள். அதன் எஞ்சினைத் தாங்குவது முன்பக்கம் போல்ட் போட்டு மாட்டிய குழாய் ஃபிரேம். குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் நன்றாகவே இருக்கும். நல்ல ரீஸ்டோரர் பழைய ஃபிரேமைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டத்தான் வேண்டும், பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் சேஸிஸ் நம்பர் பஞ்ச் செய்திருப்பது அந்த ஃபிரேமில். புது ஃபிரேம் வெறுமையாக வரும், நம்பரை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஆக, இந்த மாடலில் புதுப் பஞ்ச் தெரிவது மட்டுமே குற்றச் சான்று ஆகாது. கேட்க வேண்டியது ஒன்றே: பழைய ஃபிரேமில் நம்பர் இருந்த துண்டு எங்கே? நேர்மையாக வேலை செய்பவர் அதை அறுத்து எடுத்து, பையில் போட்டு, உரிமையாளரிடம் கொடுத்திருப்பார். அந்தத் துண்டு இல்லை, படமும் இல்லை என்றால், பாடி எண், எஞ்சின் பிளாக், சிலிண்டர் ஹெட், கியர்பாக்ஸ் ஆகிய நான்கும் ஹெரிட்டேஜ் சான்றிதழோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் புதுப் பஞ்ச் என்றால் விலகிவிடலாம். இரண்டு பழைய, தேய்ந்த எண்கள் பொருந்தினால் நம்பிக்கை வைக்கலாம்.

தொடர்ச்சி என்ற வாதத்தை விற்பவர்கள் விரும்பிச் சொல்வார்கள். அதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், "ஓல்ட் நம்பர் ஒன்" என்று பெயர் பெற்றது, 1 கோடி பவுண்டுக்குப் பேசி முடிக்கப்பட்டது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990-இல் வழக்கை விசாரித்த இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில், 1930 காரிலிருந்து அசல் நிலையில் மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தூண் என்ற அளவுக்கே பேச்சு வந்தது. ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம் போனது. கார் ஒருபோதும் இல்லாமல் போய் மறுபிறவி எடுக்கவில்லை, பந்தயத்துக்காக மாற்றி மாற்றித் தொடர்ந்து ஒரே காராக இருந்து வந்தது என்பதே காரணம். இதைக் காட்டி, இருபது வருடம் காணாமல் போய், ஒரு நம்பர் பிளேட்டிலிருந்தும் ஒரு பின் ஆக்ஸிலிலிருந்தும் எழுப்பப்பட்ட காரையும் அசல் என்று வாதாடுவார்கள். அந்தத் தீர்ப்பின் பலம் இடைவெளியில்லாத வரலாற்றில் இருக்கிறது. வரலாற்றில் பெரிய ஓட்டை உள்ள கார் அதைத் துணைக்குக் கூப்பிட முடியாது. இன்னொரு ஆபத்து: உடைந்த காரின் ஃபிரேம் ஒருவரிடமும் எஞ்சினும் ஆவணமும் இன்னொருவரிடமும் போயிருந்தால், ஒரே அடையாளத்துக்கு இரண்டு கார்கள் உரிமை கேட்கும். வாங்கும் முன் அந்த சேஸிஸ் நம்பரை மாடல் கிளப்பின் பதிவேட்டில் தேடிவிடுங்கள்.

வேஷம் போட்ட கார்

நான்காம் வகையைக் கண்டுபிடிப்பது மாடலைப் பொறுத்தது. 1965 மஸ்டாங்கின் சேஸிஸ் நம்பரில் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 5ஆர்09கே என்று தொடங்கினால் 1965, சான் ஹொசே பிளாண்ட், ஃபாஸ்ட்பேக், 271 குதிரைசக்தி கொண்ட 289 எஞ்சின். அந்த இடத்தில் கே இல்லாத காரில் "ஹை-போ அசல்" (அந்த அதிக சக்தி எஞ்சினோடு வந்தது) என்று சொன்னால் மேலே பேச வேண்டியதில்லை. கே இருந்தால், அந்த நம்பர் இருக்கும் டிரைவர் பக்க உள் ஃபெண்டர் தகடே மாற்றப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அது தனியாக வெட்டி எடுத்து மாற்றக்கூடிய தகடு.

கமாரோவில் கதை வேறு. 1967 முதல் 1969 வரை நம்பர் எட்டு சிலிண்டர் என்று மட்டுமே சொல்லும். அபூர்வ வகையான இசட்/28 என்று எங்கேயும் சொல்லாது. 1967-இல் தயாரான இசட்/28-கள் 602 மட்டும். நம்பர் வாய் திறக்காததால் தாள், எஞ்சின் குறி, டிரிம் பிளேட் (நிறம், உள்ளலங்காரக் குறிகள் உள்ள தகடு) ஆகியவற்றின் மேல் மொத்தச் சுமையும் விழுகிறது. இந்த மூன்றையும் உருவாக்க முடியும். கரேரா ஆர்எஸ் இதற்கு நேர்மாறு: 1973 வரிசையில் அதற்குத் தனி சேஸிஸ் எண் தொடர் உண்டு. அகன்ற பின் ஃபெண்டரும் வாத்துவால் ஸ்பாய்லரும் வைத்த சாதாரண 911 டி-யை நம்பரைப் படித்த நொடியில் அடையாளம் காணலாம். அதனால் அங்கே ஏமாற்றுபவர் வெளிப்பூச்சோடு நிற்க மாட்டார், நம்பர்த் தகட்டையே மாற்றுவார்.

17 இலக்க சேஸிஸ் நம்பரில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம், அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்து கட்டாயம். அதற்கு முந்தைய கார்களின் நம்பரில் இப்படிக் கணக்குப் போட்டுப் பிழை பிடிக்கும் வழி இல்லை. இணையத்தில் நம்பரைப் போட்டு "சரி" என்று வந்ததால் 1960-களின் கார் சரி என்று நினைப்பது வீண்.

சொல்லி விற்கும் ரெப்ளிகா, குளோன் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ரெப்ளிகா விலையில் வாங்கினால் மழையிலும் ஓட்டலாம். ஃபேக்டரியே செய்யும் தொடர்ச்சிக் கார்கள் தனி இனம். ஜாகுவார் லைட்வெயிட் இ-டைப்புக்கு 18 எண்கள் ஒதுக்கி 12 மட்டும் கட்டியது, மீதி 6-ஐ 2014-இல் கட்டத் தொடங்கியது. இவை உண்மையான ஜாகுவார்கள், ஆனால் 1963-ஆம் வருடத்துக் கார்கள் அல்ல. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பும் விளம்பரத்தைக் கவனியுங்கள்.

காரின் முன் நிற்கும்போது

பெயிண்ட் தடிமன் மீட்டர் ஒன்று கொண்டுபோங்கள். ஃபேக்டரிப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். மறுபெயிண்ட் 200-ஐத் தாண்டும். 1,000-ஐத் தொட்டால் அடியில் பட்டி. பழைய கார்களில் கூரையும் பின் ஃபெண்டரும் சேரும் இணைப்பில் மட்டும் அளவு எகிறினால் பயப்பட வேண்டாம், பல ஃபேக்டரிகள் அந்த இணைப்பை ஈயம் வைத்து நிரப்பின. ஈயத்தையும் மீட்டர் தடிமனாகத்தான் காட்டும். அலுமினிய பாடிக்குக் காந்த வகை மீட்டர் வேலை செய்யாது, எடி கரண்ட் வகை வேண்டும்.

வெல்டிங்கில் ஃபேக்டரி ஸ்பாட் வெல்ட் 5, 6 மில்லிமீட்டர் வட்டக் குழியாக, ஓரளவு சீரான இடைவெளியில் இருக்கும். துளை போட்டு மிக் வெல்டால் நிரப்பியது குழியாக இருக்காது, தேய்த்துச் சமப்படுத்திய பொட்டாக இருக்கும். நம்பர் இருக்கும் தகட்டைச் சுற்றி இப்படிப் பொட்டுகள் இருக்கின்றனவா என்பதே முதல் கவனம். கார்ப்பெட்டைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நம்பரைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் தடவிப் பாருங்கள். பிறகு அதே இடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் தேய்த்து மறைக்க எளிது, பின்பக்கம் வெல்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த விளிம்பையோ, தடிமன் மாறும் படியையோ மறக்காமல் மறைப்பவர் குறைவு. ரிவெட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஜிஎம் 1960-களின் நடுவிலிருந்து பயன்படுத்திய பூவிதழ் வடிவ ரிவெட்டின் நகல் வெளிச்சந்தையில் கிடைக்கிறது.

சின்னப் பொருட்களின் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி, சீட் பெல்ட் லேபிள், டிஸ்ட்ரிபியூட்டர், போர்ஷேயின் ஃபுக்ஸ் அலாய் வீலின் உள்பக்கம். எல்லாம் காருக்குச் சில மாதம் முந்தியதாக இருந்தால் நல்லது. ஒரு கண்ணாடி மட்டும் பத்து வருடம் பிந்தியதாக இருந்தால் கல் பட்டு உடைந்து மாற்றியிருப்பார்கள், அது நல்ல அறிகுறியே. அத்தனை பொருளும் ஒரே வாரத்துத் தேதியோடு கச்சிதமாக இருந்தால்தான் யாரோ உட்கார்ந்து தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும்.

சோதனைக்கு ஆள் வைப்பதானால் அந்த மாடலையே பார்த்துப் பழகியவராக, காரை ரீஸ்டோர் செய்த பட்டறைக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும். நம்பரைப் படம் எடுக்க விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் போக்குவரத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம்.

வரிசைப்படுத்தச் சொன்னால்: படங்களும் பழைய பில்களும் உள்ள இரண்டாம் வகை முதலில். அதே அளவு ஆதாரம் இருந்தால் முதல் வகை, பணம் இருப்பவருக்கு. அடுத்து, ரெப்ளிகா என்று எழுதித் தரும் நான்காம் வகை. மூன்றாம் வகையை ஷெல் வாங்கிய பில்லும், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்த கடிதமும் இருந்தால் மட்டும்.

ஒப்பந்தத்தில் "நல்ல நிலையில் உள்ள கிளாசிக் கார்" என்ற வரி போதாது. பாடி எந்தத் தகடுகள்வரை அசல், எஞ்சின் ஃபேக்டரியில் பொருத்தியதா மாற்றியதா, எந்த நம்பர்கள் மறுபடி பஞ்ச் செய்யப்பட்டவை என்று மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி விற்பவரின் கையெழுத்து வாங்க வேண்டும். விற்றபின் பொய்யென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையும் வேண்டும். அறுத்து எடுத்த பழைய நம்பர்த் துண்டு, பழைய பிளாக், ரீஸ்டோர் படங்களின் அசல் கோப்புகள் எல்லாம் சாவியோடு அன்றைக்கே கைமாற வேண்டும். "அப்புறம் அனுப்பி வைக்கிறேன்" என்றால் அவை வந்து சேரும்வரை மீதித் தொகையை நிறுத்தி வையுங்கள்.